கைது செய்த போலீஸ் காரணம் சொல்ல வேண்டுமா? இங்கிலாந்தின் ஜூனியர் பாரிஸ்டர்களும் போலீஸ் சட்டமும்

1829-ல் லண்டன் மாநகருக்கு ஒரு புது போலீஸ் படை வந்தது. கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல். படையை நடத்த அவர் இரண்டு பேரை நியமித்தார். ஒருவர் சார்லஸ் ரோவன், ராணுவ அதிகாரி. சரி, அது புரியுது. இன்னொருவர் ரிச்சர்ட் மேய்ன். வயது 32. தொழில்? பாரிஸ்டர். 1868-ல் இறக்கும் வரை, 39 வருஷம் அதே பதவியில் இருந்தார்.

போலீஸ் படைக்கு எதுக்கு ஒரு வக்கீல்? சீருடை போட்ட ஒருத்தர் தெருவில் உங்கள் தோளில் கை வைத்தால், அந்தக் கைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கணும். இல்லையென்றால் அது வெறும் அடிதடி. எது சட்டம், எது அடிதடி என்று கோடு போடுகிற வேலைக்குத்தான் இன்றைக்கு இங்கிலாந்தில் 'போலீஸ் சட்டம்' என்று பெயர். அதில் காலடி வைக்கிற ஒரு ஜூனியர் பாரிஸ்டருக்கு என்னென்ன வரலாறு கைக்கு வருகிறது என்றுதான் இந்த எபிசோடில் பேசப்போறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். அங்கே வக்கீல்களில் இரண்டு வகை உண்டு. கட்சிக்காரரைச் சந்தித்து கேஸை நடத்துபவர் சொலிசிட்டர். கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடுவது பெரும்பாலும் பாரிஸ்டர். பாரிஸ்டர் ஆக லண்டனில் இருக்கும் நான்கு பழைய 'இன்'களில் ஒன்றில் சேரணும்: லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன். படிப்பு முடிந்ததும் ஒரு சீனியரின் கீழ் ஒரு வருடப் பயிற்சி. முதல் ஆறு மாதம் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது, குறிப்பு எழுதுவது. அடுத்த ஆறு மாதம் சொந்தமாக கோர்ட்டில் பேசலாம். 'ஜூனியர்' என்றால் சின்னப் பையன் என்று நினைக்காதீங்க. 'கிங்ஸ் கவுன்சல்' பட்டம் வாங்காத எல்லோரும் ஜூனியர்தான். தலை நரைத்த ஜூனியர்கள் நிறைய பேர் உண்டு.

இந்தத் துறைக்கு வரும் ஜூனியர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் கதை லிவர்பூலில் நடந்தது. 1942-ல் லீச்சின்ஸ்கி என்ற வியாபாரியை இரண்டு போலீஸ்காரர்கள் கைது செய்தார்கள். அவரிடம் இருந்த ஒரு துணி மூட்டை திருட்டுப் பொருள் என்பது அவர்களின் சந்தேகம். ஆனால் அவரிடம் சொன்னதோ வேறு ஒரு உள்ளூர்ச் சட்டத்தை. அந்தச் சட்டப்படி அங்கே வாரன்ட் இல்லாமல் அவரைக் கைது செய்யவே முடியாது. அவர் வழக்குப் போட்டார். 1947-ல் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பு: ஒருவரைக் கைது செய்தால் ஏன் என்று அவரிடம் சொல்லணும். மனசுக்குள் ஒரு காரணம், வாயில் ஒரு காரணம் என்பது செல்லாது. இன்றைக்கு அது எழுதப்பட்ட சட்டம்.

இரண்டாவது கதை, யார் மேல் வழக்குப் போடுவது என்பது பற்றி. ஃபிஷர் என்பவரை ஓல்டாம் போலீஸ் ஆள் மாறிக் கைது செய்தது. அவர் நகராட்சி மேல் வழக்குப் போட்டார். 1930-ல் நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. கான்ஸ்டபிள் நகராட்சியின் வேலைக்காரர் இல்லை, அவருடைய அதிகாரம் சட்டத்திலிருந்து நேராக வருகிறது என்றது. அப்படியானால் தவறு செய்த கான்ஸ்டபிளின் சட்டைப்பையில் என்ன இருக்கோ அதுதான் நஷ்டஈடு. 1964-ல் போலீஸ் சட்டம் இதைச் சரிசெய்தது: கான்ஸ்டபிள் வேலையில் செய்யும் தவறுக்கு அந்தப் படையின் தலைவர் பதில் சொல்லணும். அதனால்தான் இன்றும் இந்த வழக்குகளில் பிரதிவாதி இடத்தில் 'சீஃப் கான்ஸ்டபிள்' என்று இருக்கும். நஷ்டஈடு போலீஸ் நிதியிலிருந்து போகும்.

மூன்றாவது கதை கொஞ்சம் கனமானது. 1972 ஏப்ரல், தென்கிழக்கு லண்டனில் கேட்ஃபோர்டு. தீப்பிடித்த ஒரு வீட்டில் மேக்ஸ்வெல் கான்ஃபெய்ட் என்பவர் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்துகிடந்தார். போலீஸ் மூன்று பேரைப் பிடித்தது. வயது 18, 15, 14. அந்த 18 வயதுப் பையனுக்கு மனவளர்ச்சி எட்டு வயதுக் குழந்தை அளவுக்குத்தான். பக்கத்தில் வக்கீலோ பெற்றோரோ இல்லாமல் விசாரித்தார்கள். மூவரும் 'ஒப்புக்கொண்டார்கள்'. தண்டனையும் கிடைத்தது. பிறகு மருத்துவச் சான்றுகளை மறுபடி பார்த்தபோது, அவர் இறந்த நேரத்தோடு அந்த வாக்குமூலங்கள் ஒத்துப்போகவே இல்லை. 1975-ல் தீர்ப்பு ரத்தானது.

சிறுவர்களைப் பெற்றோர் இல்லாமல் விசாரிக்கக் கூடாது என்ற விதி அப்போதும் இருந்தது. 1912-லிருந்து வந்த 'ஜட்ஜஸ் ரூல்ஸ்' வரிசையில் ஒன்று. ஆனால் அது வழிகாட்டுதல்தான், சட்டம் கிடையாது. நம்ம ஊரில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று நமக்குத் தெரியும். 1872 சாட்சியச் சட்டத்திலேயே வெள்ளைக்காரர்கள் அதை எழுதிவைத்தார்கள். தங்கள் ஊருக்கு அப்படி எழுதவில்லை. அங்கே ஸ்டேஷனில் சொன்ன வார்த்தை நேராக ஜூரியிடம் போகும். அதனால் அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதே எல்லாம்.

கான்ஃபெய்ட் வழக்கைத் தொடர்ந்து ஒரு விசாரணை, பிறகு ஒரு ராயல் கமிஷன். கடைசியில் 1984-ல் ஒரு பெரிய சட்டம். பெயர் 'பேஸ்', அமலுக்கு வந்தது 1986 ஜனவரி 1. வக்கீலைப் பார்க்கும் உரிமை, விசாரணையை டேப்பில் பதிவது, பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் குற்றச்சாட்டு இல்லாமல் வைக்கக் கூடாது என்ற வரம்பு, காவலில் இருப்பவருக்குப் பொறுப்பாக விசாரணையில் சேராத ஒரு தனி அதிகாரி. கூடவே ஒரு கஸ்டடி ரெக்கார்டு. எப்போ கொண்டுவந்தாங்க, எப்போ சாப்பாடு, எப்போ வக்கீலைக் கேட்டார் என்று நேரம் போட்டு எழுதும் பதிவு.

இன்றைக்கு ஒரு புது ஜூனியரின் மேசைக்கு வரும் முதல் காகிதங்களில் அதுவும் ஒன்று. சட்டவிரோதக் காவல் வழக்கில், கைது நியாயம்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு போலீஸுடையது. ரெக்கார்டில் ஒரு மணி நேரம் விளக்கமில்லாமல் இருந்தால் அதற்கும் விலை உண்டு. 1997-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் போட்ட அளவுகோல், முதல் ஒரு மணி நேரத்துக்கு 500 பவுண்டு, 24 மணி நேரத்துக்கு 3,000 பவுண்டு. இன்னொரு விசேஷம்: இங்கிலாந்தில் சிவில் வழக்குகளில் ஜூரி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஆனால் சட்டவிரோதக் காவலுக்கும், உள்நோக்கத்தோடு போட்ட பொய் வழக்குக்கும் இன்னும் கேட்டு வாங்கலாம். கவுன்டி கோர்ட்டில் எட்டு பேர்.

இதோடு போலீஸ்காரர்கள் மீதான ஒழுங்கு விசாரணை, காவலில் இறந்தவர்களுக்கான கொரோனர் விசாரணை எல்லாம் சேரும். இங்கேதான் கஷ்டமான கேள்வி வருது. யார் பக்கம் நிற்பது?

பாரிஸ்டர்களுக்கு டாக்ஸி ஸ்டாண்ட் விதி என்று ஒன்று உண்டு. தன் துறையில் வரும் கேஸை, கட்சிக்காரரைப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ளக் கூடாது. நடைமுறையில் பலர் ஒரு பக்கமாகவே பேர் வாங்கிவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் நிற்பவர்களும் உண்டு.

போலீஸ் பக்கம் நிற்பது தப்பா? நான் அப்படி நினைக்கல. ஆனால் எப்படி நிற்பது என்பதற்கு 1989 ஹில்ஸ்பரோ ஒரு பாடம். ஷெஃபீல்டு மைதான நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் இறந்தார்கள். அதன்பின் அன்று பணியில் இருந்த போலீஸ்காரர்களின் 164 வாக்குமூலங்கள் கணிசமாகத் திருத்தப்பட்டன என்று 2012-ல் சுயாதீனக் குழு கண்டுபிடித்தது. அதில் 116-ல் போலீஸுக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தன. அந்தத் திருத்தத்தில் சட்ட ஆலோசகர்களின் கையும் இருந்தது. ரசிகர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று ஜூரி சொன்னது 2016-ல். 27 வருஷம்! திருத்தங்களுக்காகத் தொடரப்பட்ட குற்ற வழக்கும் 2021-ல் நின்றுபோனது. அந்த வாக்குமூலங்கள் தயாரானது ஒரு நிர்வாக விசாரணைக்காக, கோர்ட்டுக்காக இல்லை என்பது நீதிபதி சொன்ன காரணம்.

அதனால் இந்தத் துறைக்குள் நுழையும் ஒரு ஜூனியருக்கு உண்மையான சோதனை ஜூரி முன்னால் வருவதில்லை என்று நினைக்கிறேன். ஆபீஸில், தனியாக, ஒரு வாக்குமூலத்தைப் படிக்கும்போது வருகிறது. சங்கடமான ஒரு வரி கண்ணில் படும். கட்சிக்காரர் அதை எடுத்துவிடலாமா என்று கேட்பார். 'வேண்டாம், இருக்கட்டும்' என்று சொல்ல முடிந்தால் அவர் போலீஸுக்கும் நல்ல வக்கீல்தான்.