நாட்டுத் துப்பாக்கியும் காவல் நிதியும்

மாநிலக் காவல் துறைகளை நவீனப்படுத்த 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த தொகை ரூ.4,846 கோடி. வாகனம், தகவல் தொடர்பு, ஆயுதம் போன்றவற்றுக்கே இத்தகைய நிதி செல்வது வழக்கம். சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து பார்க்கையில் இதில் ஒரு குறை எனக்குத் தென்படுகிறது.

இப்பகுதியில் துப்பாக்கிச் சிக்கல் என்பது பெரும்பாலும் கொல்லிமலை, கல்வராயன்மலைச் சிற்றூர்களில் புழங்கும் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிதான். குழல் வாய் வழியே கரிமருந்தும் குண்டும் இட்டு இடித்துச் சுடும் கருவி. அதற்கு வரிசை எண் கிடையாது, பதிவேடும் கிடையாது. சட்டவிரோதத் தயாரிப்புக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஆயுள் தண்டனை வரை வகை செய்கிறது. வைத்திருப்பவரோ பல நேரங்களில் காட்டுப்பன்றியிடமிருந்து மரவள்ளியைக் காக்க நினைக்கும் விவசாயி. வேட்டைக்கும் அது பயன்படுவதை நான் மறுக்கவில்லை. இருளில் விலங்கென எண்ணி மனிதரைச் சுட்ட துயரங்களும் தமிழக மலைகளில் உண்டு.

‘ஒப்படைத்தால் வழக்கில்லை’ என்று காவல் துறை அவ்வப்போது அறிவிக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் வழியாகத் துப்பாக்கிகள் வந்து சேர்கின்றன. அடுத்த பருவத்தில் பன்றியும் வந்து சேர்கிறது. துப்பாக்கி ஒரு துறையின் கோப்பில், பயிர்ச்சேத இழப்பீடு வனத் துறையின் கோப்பில். நிதியில் சிறு பங்கையேனும் மலைக் காவல் நிலையங்களுக்குத் தனியே ஒதுக்கி, ஒப்படைத்தவரின் நிலத்துக்கு வேலி கிடைக்கவும் இழப்பீட்டு மனு நகரவும் இரு துறையினரும் சேர்ந்தே மலையேறலாம்.