காதல் தோல்வி, தூக்க மாத்திரை, தக்காளி சூப்... 1988-ல் வந்த இந்த ஸ்பானிஷ் படத்தில் அப்படி என்ன இருக்கு?

காதலில் தோற்ற பையன் தாடி வளர்ப்பான், இல்லன்னா பாட்டுப் பாடுவான். 2011-ல் 'கொலவெறி' ஹிட்டான பிறகு 'சூப் பாய்ஸ்' என்று அவர்களுக்குத் தனிப் பட்டமே கிடைத்தது. பெண்ணுக்கு? நம்ம படங்களில் பெரும்பாலும் தலையணையும் கண்ணீரும்தான். அவளுக்கும் காமெடி உண்டு என்று காட்டியவர் ஸ்பெயின் இயக்குநர் பெட்ரோ அல்மோதோவார். படம்: 'விமன் ஆன் தி வெர்ஜ் ஆஃப் எ நெர்வஸ் பிரேக்டவுன்'.

கதை என்ன?

பெபாவும் இவானும் டப்பிங் கலைஞர்கள், காதலர்கள். ஒருநாள் ஆன்சரிங் மெஷினில் குரலை மட்டும் விட்டுவிட்டுக் கழன்றுகொள்கிறார் இவான். பெபாவோ கர்ப்பம். அன்று அவர் டப்பிங் பேச வேண்டியது ஒரு காதல் காட்சிக்கு. இவான் தன் பகுதியை முன்பே பேசிவிட்டுப் போய்விட்டார். ஹெட்போனில் அந்தக் குரலுக்குத் தனியாகப் பதில் சொல்லும் பெபா, மயங்கி விழுகிறார். படத்தின் மிகச் சிறந்த இடம் இதுதான்.

பிறகு போன் பக்கத்திலேயே காத்திருப்பு. பர்மா, மலேயா போன கணவரின் கடிதத்துக்காகக் கோட்டையூர் வளவு வீடுகளில் காத்திருந்த ஆச்சிகளின் வாரிசுகளுக்கு இது புரியாமல் போகாது. ஆனால் பெபா பொறுமைசாலி இல்லை. போன் ஜன்னல் வழியே பறக்கிறது, கட்டில் எரிகிறது.

சூப்பில் என்ன?

கஸ்பாச்சோ என்பது ஸ்பெயினின் குளிர்ந்த தக்காளி சூப். அடுப்பில் ஏற்றாத ரசம்னு வெச்சுக்கலாம். இவானுக்காக அதில் தூக்க மாத்திரைகளைக் கலக்கிறார் பெபா. குடிப்பதோ, இவானின் மகனுக்கு நிச்சயமான பெண்ணும் விசாரிக்க வந்த போலீஸும்! மகனாக நடித்த இளைஞர், ஆன்டோனியோ பண்டேராஸ்.

(இனி ஸ்பாய்லர்) இவானின் பழைய மனைவி லூசியா, அவரைச் சுடத் துப்பாக்கியோடு விமான நிலையம் போகிறார். காப்பாற்றுவது பெபாதான். இப்போது பேசலாம் என்கிறார் இவான். நேரம் கடந்துவிட்டது என்று வீடு திரும்புகிறார் பெபா. தமிழில் பாலுமகேந்திராவின் 'மறுபடியும்' (1993) ரேவதியும் கணவரை இப்படித்தான் மறுத்தார். ஆனால் அங்கே சிரிப்புக்கு இடமில்லை.

சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும், ஸ்பெயினின் 5 கோயா விருதுகளும் இதற்குக் கிடைத்தன. பெபாவாக நடித்தவர் கார்மென் மௌரா. கதைக்கு விதை, பிரெஞ்சு எழுத்தாளர் ழான் காக்தோவின் 'மனிதக் குரல்' என்ற ஓரங்க நாடகம். போனும் பெண்ணும் மட்டுமே உள்ள அதை, 2020-ல் டில்டா ஸ்விண்டனை வைத்துக் குறும்படமாகவும் எடுத்தார் அல்மோதோவார்.