பல கைகள் எழுதும் ஏடு: கூட்டெழுத்து வழங்கியும் வன்னி மண்ணும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விரும்புவோர் அந்நாட்டிலே எழுந்த நூல்களை நாடுவர். அவற்றை யார் எழுதினர், எக்காலத்தில் எழுதினர் என்பவற்றையும் ஆராய்வர். ஆனால், எழுதப்பட்டவை யாருடைய காவலிலே இருந்தன என்னும் வினாவைப் பெரும்பாலும் எழுப்புவதில்லை. வன்னிப் பெருநிலத்தின் வரலாற்றை நோக்குங்கால் இவ்வினாவே முதன்மை பெறுகின்றது. இக்காலத்திலே பலர் வெவ்வேறிடங்களில் இருந்துகொண்டு ஒரே ஆவணத்தை ஒரே வேளையில் எழுதுதற்குக் கணினி வழி செய்துள்ளது. அவ்வாவணத்தைத் தன்னகத்தே வைத்து எழுதுவோர் அனைவருக்கும் பரிமாறும் கணினியை 'வழங்கி' என்பர். பேச்சு வழக்கிலே 'சேர்வர்' எனப்படுவதும் அதுவே. அதனைப் பிறரிடம் ஒப்படையாது ஒரு கல்லூரியோ சங்கமோ தானே நிறுவி நடத்துவது எவ்வாறு, அதனால் விளையும் பயன் யாது என்பவற்றை வரலாற்று நெறியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏடும் அதன் காவலும்

பல கைகள் கூடி ஒரு நூலை ஆக்குதல் தமிழருக்குப் புதியதன்று. 18ஆம் நூற்றாண்டிலே மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, வையாபாடல், கைலாயமாலை, பரராசசேகரன் உலா, இராசமுறை என்னும் முன்னைய நூல்களைத் துணைக்கொண்டு எழுந்தது. அந்நான்கனுள் வன்னியர் குடியேற்றத்தைக் கூறும் வையாபாடலும் கைலாயமாலையும் இன்று நமக்குக் கிடைக்கின்றன. ஏனைய இரண்டும் கிடைத்தில. ஓலை என்பது கறையானுக்கும் ஈரத்துக்கும் இரையாவது. எனவே, மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்ட நூல் பிழைத்தது. படியெடுப்பாரற்ற நூல் மறைந்தது. 19ஆம் நூற்றாண்டிலே சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது, ஊரூராய்ப் பல ஏடுகளைத் தேடிப் பெற்று, அவற்றுள் ஒன்று கூறுவதை மற்றொன்று கூறுவதுடன் ஒப்புநோக்கிப் பாடபேதங் கண்டனர். ஓர் ஏட்டிலே சிதைந்த அடியை மற்றோர் ஏடு காட்டிக்கொடுத்தது.

வன்னியைப் பற்றிய எழுத்துக்களிற் சில பிறர் கையால் எழுதப்பட்டுப் பிறர் காவலிலே நின்றவை. கற்சிலைமடுவிலே 1803ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆந் திகதி பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தான் என ஆங்கிலத்திலே பொறிக்கப்பட்ட கல் வென்றவனின் கூற்றாகும். தோற்றவனின் மக்கள் அதிலே ஒரு சொல்லைச் சேர்த்தற்கும் வழியிருக்கவில்லை. 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸ் என்பாரின் வன்னி மாவட்டக் கைந்நூல் பயன் மிக்கதே. எனினும் அதுவும் ஆட்சியாளர் ஒருவரின் நோக்கில் அமைந்ததே. மக்களின் எழுத்தோ முல்லைத்தீவுக் கோவலன் கூத்தைப் போன்று அண்ணாவிமாரின் நினைவிலும் கையெழுத்துப் பிரதிகளிலும் தங்கியிருந்தது.

இத்தகைய காவலும் உறுதியானதன்று என்பதை அண்மைக்கால வரலாறு காட்டிற்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. 2009இல் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களிலே வன்னி மக்கள் இடத்துக்கிடம் பெயர்ந்தபோது உறுதிகளும் பிறப்புச் சான்றுகளும் பாடசாலைப் பதிவேடுகளும் கைவிடப்பட்டன. முன்னையதிலே பெருஞ்செல்வம் ஓரிடத்தே குவிந்திருந்தமையும், பின்னையதிலே படியொன்று வேறிடத்தே இல்லாமையும் இழப்பை மீளாததாக்கின. பிறர் கையிலே முற்றாக ஒப்படைத்தலும் தீது. தன் கையிலே ஒரேயொரு படியாக வைத்திருத்தலும் தீது. கணினிக் காலத்துக்கும் இவ்விரு பாடங்களும் பொருந்துவனவே.

கூட்டெழுத்தின் தோற்றம்

1968ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரிலே டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் அமெரிக்க அறிஞர், தொலைவிலிருந்த தம் கூட்டாளி ஒருவருடன் ஒரே திரையிலே ஒரே ஆவணத்தைக் கையாண்டு காட்டினார். ஆயினும், இருவர் ஒரே கணத்தில் எழுதும்போது எழும் முரண்பாட்டைத் தீர்க்கும் நெறியொன்று 1989இலேயே எல்லிஸ், கிப்ஸ் என்னும் இருவரின் ஆய்வுரையால் வகுக்கப்பட்டது.

அம்முரண்பாடு யாது? 'குளம் பெரியது' என்னும் தொடரைக் கொள்க. நம் கண்ணுக்குக் 'குளம்' மூன்றெழுத்து. கணினிக்கோ அது ககரம், உகரக் குறி, ளகரம், மகரம், புள்ளி என ஐந்து அலகுகள், இடைவெளியுடன் ஆறு. முத்தையன்கட்டிலிருக்கும் ஒருவர் ஆறாம் அலகின் பின் 'மிகப்' என்று சேர்க்கின்றார். அதே கணத்திலே இரணைமடுவிலிருக்கும் மற்றொருவர் தொடரின் முன்னே 'இரணைமடுக்' என்று ஒன்பது அலகுகளைச் சேர்க்கின்றார். வழங்கி முன்னவரின் கட்டளையை எழுத்துக்கு எழுத்தாக நிறைவேற்றினால், 'மிகப்' என்பது 'இரணைமட' என்பதற்கும் அதன் உகரக் குறிக்கும் நடுவே விழுந்து சொல்லைச் சிதைக்கும். ஆகவே, ஆறு என்பதைப் பதினைந்தாக மாற்றியே வழங்கி அதனை நிறைவேற்றல் வேண்டும். அப்போது 'இரணைமடுக்குளம் மிகப் பெரியது' என இருவர் கருத்தும் கெடாது நிற்கும். செயலை இவ்வாறு இடமறிந்து மாற்றுதலே எல்லிஸ், கிப்ஸ் வகுத்த நெறியின் உயிர்நிலையாகும். பண்டைப் பதிப்பாசிரியர் பல ஏடுகளை வைத்துப் பல்லாண்டு செய்த பணியின் ஒரு கூறு ஈண்டு நொடிப்பொழுதிலே நிகழ்கின்றது. ஆனால், எது சரியான பாடம் எனத் தெளியும் புலமை மட்டும் இன்றும் மனிதருக்கே உரியது.

1995இல் வார்ட் கன்னிங்காம் என்பார் எவரும் திருத்தத்தக்க 'விக்கி' முறையைத் தோற்றுவித்தார். அதன் வழியே 2001இல் விக்கிப்பீடியாவும் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் பிறந்தன. தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்க காலத்தே பெரும்பங்காற்றியவர் இ. மயூரநாதன் என்னும் ஈழத்துக் கட்டடக்கலைஞர். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவிலே பேணும் நோக்குடன் 2005இல் தோன்றிய நூலகம் திட்டமும் விக்கிப்பீடியா வழங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளையே தன் தளத்துக்குக் கையாண்டது. ஒருவர் ஆக்கிய மென்பொருளை மற்றொருவர் விலையின்றிப் பெற்றுத் தம் வழங்கியிலே நிறுவிக்கொள்ளலாம் என்னும் உரிமையே இதனை இயல்வித்தது.

கைமாறிய வீடு

ஈதர்பேட் என்னும் கூட்டெழுத்துச் சேவை 2008இல் அமெரிக்காவிலே தொடங்கிற்று. எழுதுவோர் ஒவ்வொருவரின் எழுத்தும் வெவ்வேறு நிறத்தில் உடனுக்குடன் தோன்றுவது அதன் சிறப்பு. 2009 டிசெம்பரிலே கூகிள் நிறுவனம் அதனை வாங்கிற்று. சேவை மூடப்படும் என அறிவிக்கப்பட்டது. பயன்படுத்தியோர் கலங்கினர். அவர்களின் மறுப்பினைத் தொடர்ந்து அம்மாதத்திலேயே அதன் மூலநிரல் யாவருக்கும் திறந்துவிடப்பட்டது. பழைய சேவை 2010இல் மூடப்பட்டது. மென்பொருளோ உலகெங்கும் பலருடைய வழங்கிகளிலே இன்றும் வாழ்கின்றது. வாடகை வீட்டிலே குடியிருப்போர் வீட்டுக்காரர் மாறியவுடன் வெளியேற நேர்வது போன்றதே பிறர் வழங்கியை மட்டும் நம்புவோரின் நிலை.

இலங்கையிலும் இதற்கு அயலான அனுபவம் உண்டு. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரிலிலும் முகநூல், வாட்சப் முதலிய சேவைகளை அரசு சில நாட்கள் தடைசெய்தது. செய்திப் பரிமாற்றத்தை அவற்றிலே மட்டும் தங்கவைத்திருந்தோர் அந்நாட்களில் வழியற்று நின்றனர்.

அமைக்கும் முறை

ஈதர்பேட் மென்பொருளைத் தானே நிறுவ விரும்பும் கல்லூரிக்குப் பெரிய இயந்திரம் வேண்டுவதில்லை. ஒரு வகுப்பினர் எழுதுதற்கு லினக்ஸ் இயங்கும் எளிய கணினியொன்றே போதும். ஆனால், நிறுவியவுடன் பணி முடிந்தது எனக் கருதுவோர் இடர்ப்படுவர். அமைவுக் கோப்பிலே கவனிக்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, களஞ்சியம். மென்பொருளுடன் இயல்பாக வரும் எளிய கோப்புக் களஞ்சியம் பரீட்சார்த்தத்துக்கே உரியது. நிலையான பணிக்குப் போஸ்கிரஸ் அல்லது மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளத்தை இணைத்தல் வேண்டும். இதனைச் செய்யாது எழுதத் தொடங்குதல் அடித்தளமின்றிச் சுவரெழுப்புதல் போலாகும்.

இரண்டாவது, வாயில். இம்மென்பொருள் தொடக்கத்திலே பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்பதில்லை; ஆவணத்தின் பெயரறிந்த எவரும் உட்புகலாம், தாம் விரும்பிய பெயரையும் இட்டுக்கொள்ளலாம். எனவே, நிறத்தைக் கொண்டு இன்னார் எழுதினார் எனத் துணிதல் தவறு. வரலாற்று ஆவணமாயின், அடையாளங் கேட்கும் அமைவை இயக்குதல் இன்றியமையாதது. 'யார் கூறியது' என்பது தெரியாத செய்தி வரலாற்றாசிரியனுக்குப் பாதிப்பயனே தரும்.

மூன்றாவது, வழி. வழங்கி இயல்பாக 9001 என்னும் இலக்க வாயிலிலே காத்திருக்கும். அதனை நேரே உலகுக்குத் திறவாது, முன்னே காவற்காரன் போன்று என்ஜின்எக்ஸ் முதலிய இடைவழங்கி ஒன்றை நிறுத்தி, செய்திகளை மறைகுறியாக்கும் சான்றிதழையும் பொருத்துதல் முறை. இச்சான்றிதழை இலவசமாகப் பெறலாம். காலக்கெடு முடியுமுன் தானாகப் புதுப்பிக்க ஒழுங்கு செய்தல் வேண்டும். எழுதுவோருக்கும் வழங்கிக்கும் இடையே அறாது நிற்கும் 'வெப்சொக்கெற்' இணைப்பை இடைவழங்கி அனுமதித்தலும் வேண்டும். அனுமதியாவிடின் எழுத்துக்கள் தயங்கித் தயங்கிச் செல்லும். சில வேளை இணைப்பே அறும்.

நான்காவது, எழுத்து. நம் பாடசாலைகளிலே நெடுங்காலம் வழங்கிய பாமினி எழுத்துருவிலே நாம் காணும் அகரம் கணினியினுள்ளே 'எம்' என்னும் ஆங்கில எழுத்தாகவே கிடக்கின்றது. அத்தகைய பழைய வினாத்தாளையோ மலர்க் கட்டுரையையோ அப்படியே ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றும். முதலில் ஒருங்குறிக்கு மாற்றியே சேர்த்தல் வேண்டும். மாற்றும் கருவி இழைக்கும் பிழைகளைத் தமிழறிந்த ஆசிரியர் ஒருவர் வரிவரியாகப் பார்த்தல் நன்று.

ஐந்தாவதும் தலையாயதும், மறுபடி. முதலுடன் மூன்று படிகள், இருவகை ஊடகங்கள், ஒன்றேனும் வேறிடத்தில் என்பது பேணுநர் கைக்கொள்ளும் விதி. மறுபடியிலிருந்து ஆவணத்தை மீட்டுப் பார்க்காதவரை அது மறுபடியன்று, வெறும் நம்பிக்கையே. ஈதர்பேட் ஒவ்வொரு திருத்தத்தையும் வரிசையாகச் சேமித்து, தொடக்கமுதல் மீண்டும் ஓட்டிக் காட்டவல்லது. ஆதலின், ஒருவர் முழுவதையும் அழித்தாலும் முன்னைய வடிவத்தை மீட்கலாம். ஆனால், கணினியே அழியின் அவ்வரலாறும் உடன் அழியும்.

இவற்றுடன் மின்சாரத்தையும் எண்ணுதல் வேண்டும். 2022 மார்ச் இறுதியிலே நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின் தடைப்பட்டது. அத்தகைய நாளிலே சிறிய மின்கலத் தாங்கி வழங்கியை நெடுநேரம் இயக்கமாட்டாது. ஆயினும், தரவு சிதையாமல் முறையாக அணைத்துக்கொள்ளும் அவகாசத்தையேனும் தரும்.

வன்னிக்கு உரிய பணி

தானே நடத்தும் வழங்கி செலவற்றதென்றும் கவலையற்றதென்றும் கூறுதல் உண்மையாகாது. பொருட்செலவினும் ஆட்செலவே பெரிது. பொறுப்பேற்ற ஒருவர் மாற்றலாகிச் செல்ல, கடவுச்சொல்லும் அவருடனே சென்றுவிடின், கல்லூரியின் வீடு பூட்டிய வீடாகும். எனவே, திறப்பு இருவரிடமேனும் இருத்தல் வேண்டும். அமைத்த முறை தாளிலே எழுதப்பட்டு அதிபரின் அலுவலகத்திலும் இருத்தல் வேண்டும். இவ்வளவும் இயலாத நிறுவனம் பிறர் சேவையைப் பயன்படுத்துதல் குற்றமன்று. அப்போதும் மாதந்தோறும் ஒரு படியை இறக்கித் தன்னிடம் வைத்திருத்தல் கடமையாகும்.

இயன்றவர்க்கோ காலம் கனிந்துள்ளது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உண்டு. 1997 முதல் வளாகமாக இருந்தது 2021 ஆகஸ்ட் 1ஆந் திகதி முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்துள்ளது. நுட்பமறிந்த இளைஞர் இம்மண்ணிலேயே உருவாகின்றனர். மறுபுறத்தே, குளங்களின் பெயர்க்காரணமும் கோயில் வரலாறும் கூத்துப் பாடல்களும் அறிந்த முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர். முள்ளியவளையில் இருப்பவரின் நினைவும் கனடாவில் இருப்பவரின் நினைவும் ஒரே ஏட்டிலே சந்தித்தற்குக் கருவி உண்டு. ஒருவர் கூற்றை மற்றவர் மறுப்பின், அம்மறுப்பும் அழியாது பாடபேதமாக நிற்றற்கும் வழி உண்டு. இனி வேண்டுவது, அதனைக் கூட்டிவைக்கும் ஆசிரியரும் மாணவருமே.

கற்சிலைமடுக் கல்லிலே எழுதினோர் ஒருவர்க்கும் மறுமொழி கூற இடம் வைக்கவில்லை. அடுத்த தலைமுறைக்கு வன்னி எழுதிவைக்கும் ஏடு அத்தகையதாய் அமைதல் ஆகாது. அதனைப் பலர் எழுதுக, எழுதியவர் பெயர் விளங்குக, வீடு நம்முடையதாகுக, படிகள் பல ஊர்களிலும் வாழ்க.