சுப்பாக்கும் காத்தியும்

அளத்தல் வேறு, நிறுத்தல் வேறு என்பதைத் தமிழர் பண்டே உணர்ந்திருந்தனர். தொல்காப்பிய எழுத்ததிகாரம் அளவுப் பெயர்களுக்கும் நிறைப் பெயர்களுக்கும் முதலாகும் எழுத்துகள் ஒன்பது என வரையறுக்கும்போதே, இரண்டையும் வேறுபடுத்திக் கூறுகிறது. நூலில் கண்ட இவ்வேறுபாடு, கெடாத் தோட்டங்களில் குடியேறிய தமிழரின் அடுப்பங்கரையில் வாழ்க்கைப் பிரச்சினையாகவே ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பயிர் பெருகியபோது, சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களுக்கு வந்த தமிழர் ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்னும் கணக்கையும் உடன் கொண்டுவந்தனர். இங்கே முகத்தலளவைக்குச் சுப்பாக்கும் காந்தாங்கும் வழங்கின. நான்கு சுப்பாக்கு ஒரு காந்தாங்; பிரிட்டிஷ் மலாயாவின் அளவைப்படி அது ஒரு காலன், அதாவது சுமார் 4.55 லிட்டர். நிறுத்தலளவைக்குத் தாயிலும் காத்தியும் இருந்தன. 16 தாயில் ஒரு காத்தி. அது சுமார் 605 கிராம்.

ஒரு காந்தாங் எத்தனை காத்தி? இதற்கு ஒரே விடை கிடையாது. ஒரு காந்தாங் அரிசி ஏறக்குறைய 6 காத்தி நிற்கும். அதே காந்தாங் நெல் நாலரைக் காத்தியை எட்டுவதே அரிது. உமியும் இடைவெளியும் இடத்தை அடைத்துக்கொள்வதே காரணம். கலத்தைக் குலுக்கினால் அதிகம் கொள்ளும். தலை தட்டினால் குவியல் போய்விடும். நாளுக்கு ஒரு சுப்பாக்கு அரிசி வாங்கும் குடும்பத்திற்கு இருபதில் ஒரு பங்கு குறைந்தாலும், 30 நாளில் ஒன்றரைச் சுப்பாக்கு இழப்பாகும். தராசில் இந்தக் குவியல் வழக்கிற்கு இடமில்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கெடாவில் புகுந்தது. 1943இல் கெடா சயாமின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. கிழங்கைச் சுப்பாக்கில் அளப்பது எங்ஙனம்? அதை நிறுத்தே பங்கிட வேண்டும்.

மலேசியாவின் 1972ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்தை ஒட்டிக் கடைகளில் கிலோ நிலைபெற்றது. வீட்டில் மட்டும் பால் டின் அரிசியளக்கும் கலமாக நீடித்தது. அது கொள்ளும் அரிசி சுமார் கால் கிலோ. இதில் பிழையொன்றும் இல்லை. இட்டலிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது விகிதம். எல்லாவற்றையும் ஒரே கலத்தால் அளந்தால், கலம் எதுவாயினும் பக்குவம் மாறாது. அரிசியை நிறுத்து, உப்பையும் மிளகாய்த்தூளையும் பழைய கலத்தால் அளந்தால்தான் சுவை கெடும்.

ஆகவே, பாட்டியின் பக்குவத்தைக் கிலோக் கணக்கில் எழுத முனைவோர், ஒவ்வொரு பொருளையும் அவர் கைக்கலத்தால் அளந்து, தனித்தனியே நிறுத்துக் குறித்தல் வேண்டும். சமையலில் விகிதம் காத்தது கலம். சந்தையில் நியாயம் காத்தது தராசு.