கிட்டிய வழியா, போய்ச்சேரும் வழியா? பேர்லின் கூரைகளின் இணைய வரலாறு

இணையம் எண்டால் கம்பனிக்காரன் தருவது எண்டுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். பேர்லினில் ஒரு பகுதிச் சனம் அதைத் தாங்களே கூரைகளில் கட்டிக்கொண்டார்கள்.

1990 இல் இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றான பிறகு, கிழக்குப் பக்கத்தில் பல இடங்களில் தொலைபேசிக்கு ஒளியிழை போட்டார்கள். அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். ஆனால் பின்னர் வந்த டீஎஸ்எல் செம்புக் கம்பியில்தான் ஓடும். புதுசு கிடைத்த இடங்களுக்கே வேகமான இணையம் இல்லாமல் போனது. 2000களின் தொடக்கத்தில் எழுந்த 'ஃப்ரைஃபுங்க்' இயக்கத்தினர், மலிவான வைஃபை ரவுட்டர்களைக் கூரைகளில் வைத்து, ஒரு வீட்டின் இணைப்பை அடுத்தடுத்த வீடுகளுக்குக் கைமாற்றினார்கள்.

எந்த வீட்டு வழியாகக் கைமாற்றுவது? 2003 இல் வெளியான ஓஎல்எஸ்ஆர் எனும் நெறிமுறை தாவல்களை மட்டும் எண்ணியது. தாவல் குறைந்தால் நல்ல வழி. 2004 இல் பேர்லினில் நடந்த 'விசார்ட்ஸ் ஒஃப் ஓஎஸ்' மாநாட்டில் பாவித்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. தாவல் குறைய வேணுமெண்டால் ஒவ்வொரு தாவலும் நீள வேணும். நீண்ட தாவலில் அலை மெலிந்து, தரவுப் பொதிகள் இடையில் தொலைந்துபோகும்.

விடை, அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2003 இல் முன்வைத்த ஈடிஎக்ஸ் எனும் அளவில் இருந்தது. ஒரு பொதி போய்ச்சேர எத்தனை தரம் அனுப்ப வேண்டிவரும் எண்டு அது கணிக்கும். பத்துச் சோதனைப் பொதிகளில் போகும்போது 5, திரும்பும்போது 8 சேர்ந்தால், 1 ஐ 0.5 × 0.8 ஆல் வகுக்க 2.5 வரும். 'கிடைத்தது' எண்ட பதிலும் திரும்பி வரவேணும். அதனால்தான் இரு திசையும் கணக்கில் வருகிறது. பக்கத்திலேயே 1.1 வீதம் இரண்டு சின்னத் தாவல்கள் இருந்தால் கூட்டுத்தொகை 2.2 தான். சுற்றுவழியே லாபம்! அதே 2004 இல் இந்த அளவு ஓஎல்எஸ்ஆர் மென்பொருளில் சேர்க்கப்பட்டது.

வலை பெருக, முழு நகரத்தின் வரைபடத்தையும் சுமக்க அந்தச் சின்ன ரவுட்டர்கள் திணறின. 2006 இல் பேட்மேன் பிறந்தது. முழுப் பாதையும் தெரியத் தேவையில்லை, எந்த அயலவரிடம் கொடுப்பது எண்டு தெரிந்தால் போதும். அதன் அடுத்த வடிவம் வலை முழுவதையும் ஒரே சுவிட்ச் போல இணைத்தது. 2011 இல் அது லினக்ஸ் கருவிலும் இடம்பிடித்தது.

இதைத் தொழில்நுட்பக் கதையாக மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. தாவலை எண்ணியபோது வலையின் ஓரத்து வீட்டுக்குப் பொதி போய்ச்சேரவில்லை. போய்ச்சேர்ந்ததா எண்டு எண்ணத் தொடங்கிய பிறகுதான் அந்த வீட்டுக்கும் இணையம் வந்தது.