தச்சர் பெட்டியும் டர்னர் பெட்டியும்

தச்சு வேலை பார்த்த தாத்தாவின் பெட்டியைத் திறந்தால், 'இது உளி, இது இழைப்புளி' என்று சட்டென்று பெயர் சொல்லிவிடுவோம். லேத் பட்டறையில் டர்னராகக் காலம் கழித்த மாமாவின் பெட்டி என்றால் மிரண்டுபோவோம். ஆனால் மிரட்டுகிற பெட்டியில்தான் அடையாளம் காண்பது எளிது. தெரிந்ததுபோல் இருக்கும் பெட்டிதான் ஏமாற்றும்.

டர்னரின் கருவி எந்திரத்தோடு பொருந்தியாக வேண்டும். அளவு பிசகினால் அதற்கு வேலையில்லை. ஆகவே வெர்னியர் அளவியே பாதி விடையைச் சொல்லிவிடும். கூம்பு வால் உள்ள டிரில்லா? கூம்பின் பெரிய முனை ஏறக்குறைய 12 மி.மீ. என்றால் மோர்ஸ் கூம்பு எண் 1, 17.8 என்றால் மோர்ஸ் 2, 23.8 என்றால் மோர்ஸ் 3. மரை வெட்டும் அரை அங்குல டேப்பில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை இருந்தால் பிரிட்டிஷ் விட்வொர்த், 13 இருந்தால் அமெரிக்க யு.என்.சி. மரையின் கோணமும் வேறு: விட்வொர்த்துக்கு 55 பாகை, மற்றதற்கு 60. ஒரே அளவில் மூன்று டேப் கிடந்தால் உபரி என்று ஒதுக்கிவிட வேண்டாம், அது பெரும்பாலும் ஒரு செட். காம்பில் ஒரு வளையக் கோடு போட்டது முதலில் இறங்கும், இரண்டு கோடு போட்டது அடுத்து, கோடே இல்லாதது கடைசியில்.

தச்சர் பெட்டியில் இந்தச் சலுகை குறைவு. உளியில் 'ஷெஃபீல்டு' என்று பொறித்திருந்தால் ஊர் தெரியும், வேலை தெரியாது. வேலையைத் தேய்மானத்தில்தான் படிக்க வேண்டும். பிடியின் தலை நசுங்கி விரிந்து, அலகும் தடித்திருந்தால், கொட்டாப்புளியால் அடித்துத் துளையெடுத்த உளி. தலை வழவழவென்று இருந்து அலகு மெலிந்திருந்தால், கையால் தள்ளிச் சீவியது. மர இழைப்புளியின் அடிப்பக்கம் வளைந்து நெளிந்திருக்கிறதா? கோணிப்போனது என்று தூக்கிப் போடாதீர்கள். முனைப்பக்கமிருந்து பாருங்கள், அந்த நெளிவின் எதிர்வடிவம்தான் கதவு நிலையில் ஓடும் அலங்கார விளிம்பு. ரம்பத்தின் பற்கள் பக்கவாட்டில் கத்தியாகத் தீட்டியிருந்தால் மரத்தைக் குறுக்கே அறுக்க, நேராகத் தீட்டியிருந்தால் நீளவாக்கில் அறுக்க. மரப்பிடி போட்ட பளபளப்பான உருண்டைக் கம்பியைத் திருப்புளி என்று நினைப்பவர்கள் உண்டு. அது சுரண்டு தகட்டின் விளிம்பை மடித்துக் கூராக்குவது.

விலக்குகளும் உண்டு. ஸ்டான்லியின் இரும்பு இழைப்புளிகளுக்கு எண் உண்டு: 4 சுமார் 9 அங்குல நீளம், 5 சுமார் 14. டர்னர் பெட்டியிலோ சதுர எஃகுத் துண்டுகளை அவரே சாணையில் தீட்டியிருப்பார். 55 பாகை முனை விட்வொர்த் மரைக்கு. ஒடுங்கி நீண்ட மூக்கு கம்பியைத் துண்டாக்க. இங்கே எண் உதவாது, அவர் தீட்டிய வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்த எஃகு எது என்பதில் ஐயமிருந்தால் சாணையில் லேசாகத் தொடலாம். மத்தாப்பாய் வெள்ளைப் பொறி சிதறினால் கார்பன் எஃகு; மங்கிய சிவப்பில் சில பொறி மட்டும் வந்தால் ஹைஸ்பீடு ஸ்டீல்.

எதுவானாலும் முதலில் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ் துருவோடு பொறித்த எண்ணையும் தேய்மானத் தடத்தையும் கொண்டுபோய்விடும். இரண்டு பெட்டியும் கைக்கு வந்தால், தச்சர் பெட்டியை முதலில் ஒரு மூத்த தச்சரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மற்றதை வெர்னியரை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.