சாரலும் கிப்லாச் சுவரும்: தென்காசிப் பிரதேசத்தில் நவீனப் பள்ளிவாசல் நிர்மாணம்

புதிதாகப் பள்ளிவாசல் எழுப்ப முற்படும் ஜமாஅத்தார், கும்மட்டம் எத்தனை, மினாரா எவ்வளவு உயரம் என்னும் விசாரத்தில் முதலில் இறங்குவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. தென்காசி, குற்றாலம், கடையநல்லூர் முதலிய மலையடிவார ஊர்களிலோ, முதலில் ஆராய வேண்டியது மேற்குச் சுவரே என்பது இக்கட்டுரையின் துணிபு.

தென்காசியினின்று கஃபாவின் திசையாகிய கிப்லா, நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து வரும் பருவக்காற்றும் அதனோடு வரும் சாரலும் அந்த மேற்றிசைப் பக்கத்தையே தாக்குகின்றன. ஆகவே, தொழுவோர் முகம் நோக்கி நிற்கும் கிப்லாச் சுவரே மழையை ஏற்கும் சுவராகவும் அமைந்துவிடுகிறது. தொழுவோர் சிந்தை சிதறலாகாது என்று அச்சுவரில் சாளரம் வைக்காது விடுவதால், குற்றாலக் காற்றின் சுகம் வெளியே நின்றுவிட, ஈரம் மாத்திரம் உள்ளே ஊறுகிறது. இடையே காற்றோடும் சந்து விட்ட இரட்டைச் சுவரும், அதன்மேல் நீண்டிறங்கும் இறவாரமும், மிஹ்ராபின் இருமருங்கிலும் ஆள் உயரத்துக்கு மேலே சாய்பலகைகளால் மறைத்த துவாரங்களும் அமைப்பின், காற்று உட்புகுந்து கிழக்குத் தாழ்வாரத்தின் வழியே வெளியேறும், பார்வைக்கும் இடையூறில்லை.

மனையின் கோணம் மற்றொரு பிரச்சினை. கிழமேலாக ஓடும் தெருவையொட்டிய மனையில் கிப்லாவுக்கேற்பக் கூடத்தைத் திருப்பினால் முக்கோண மூலைகள் எஞ்சும். இவற்றை வீண் என்று எண்ணுவோர், டாக்கா நகரில் மரீனா தபஸ்ஸும் என்னும் கட்டடக்கலைஞர் நிர்மாணித்து 2012-இல் முடிவுற்ற பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலைக் கருதிப் பார்த்தல் நலம். புறத்தே சதுரம், அதனுள் வட்டம், வட்டத்தினுள் கிப்லா நோக்கித் திரும்பிய சதுரத் தொழுகைக் கூடம் என்று வகுத்து, இடையே எஞ்சிய வெளிகளையே ஒளிக்கும் காற்றுக்கும் உரிய முற்றங்களாக்கினார் அவ்வம்மையார். கும்மட்டமும் மினாராவும் இல்லாத அச்செங்கற் கட்டடத்துக்கு 2016-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. நம் ஊர்களில் அம்மூலைகள் உளூச் செய்யும் ஹவுளுக்கும் மாடிப்படிக்கும் உதவும்.

கும்மட்டமில்லாவிடில் பள்ளிவாசல் என்று எவர் அறிவார் என்னும் ஆட்சேபத்தை இலேசாகத் தள்ளிவிட இயலாது; தன் வணக்கத்தலம் தூரத்தே தெரியவேண்டும் என்னும் ஆசை மரியாதைக்குரியது. எனினும், மதீனாவில் நபிகள் நாயகம் அமைத்த முதற்பள்ளி பேரீச்சந் தூண்களும் ஓலைக்கூரையும் கொண்டது; அதில் கும்மட்டமுமில்லை, மினாராவுமில்லை. கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளி அடுக்கடுக்கான சாய்கூரையால் மலையாளத்து மழையை வென்று நிற்கிறது. கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியோ பாண்டிநாட்டுக் கல்மண்டப முறையைத் தயக்கமின்றித் தனதாக்கிக்கொண்டது. இப்பிரதேசத்திலேயே பொட்டல்புதூர் தர்கா, கோயிற்கட்டட மரபோடு கலந்துறவாடிய நிர்மாணமாக விளங்குகிறது. இஸ்லாமாபாத்தில் 1986-இல் முடிவுற்ற ஃபைஸல் பள்ளியில் வேதாத் தலோகாய் என்னும் துருக்கியச் சிற்பி, மர்கல்லா மலையடிவாரத்துக்கேற்பக் கூடார வடிவையே கூரையாக்கினார். இத்தனை சான்றுகளிருக்க, கான்கிரீட் கும்மட்டத்தை இன்றியமையாத லட்சணமாகக் கொள்வது எனக்கு உடன்பாடன்று. குழிந்த பரப்பு ஒலியை ஓரிடத்தே குவித்து, இமாமின் ஓதலைக் கலங்கச் செய்வதுமுண்டு. மினாராவுக்குரிய பாங்கோசையையோ ஒலிபெருக்கி ஏற்று நெடுங்காலமாகிறது.

கும்மட்டத்துக்குச் செலவிடும் பொருளில் ஒரு பங்கைக் கிழக்குத் தாழ்வாரத்துக்குத் திருப்புவதே தக்கது. சாரற்காலத்தில் கட்டடத்தின் மறைவில் நனையாதிருப்பது அப்பக்கந்தான். ஜும்ஆவன்று கூடத்தில் அடங்காத கூட்டம் ஒதுங்குவதும் அங்கேதான். தொழுகை வரிசையாகிய சஃப்பு ஒன்றுக்குச் சுமார் நான்கடி வேண்டுமாதலால், தாழ்வாரத்தைப் பன்னிரண்டடி அகலத்தில், தூண்கள் வரிசையை அறுக்காதவாறு, கூடத்தின் கிப்லாச் சுவருக்கு இணையாகவே அமைத்தல் வேண்டும். மூன்று சஃப்பு மக்கள் அங்கே மழையில் நனையாமல் நின்று தொழலாம்.